தங்கமீனுக்குத் தக்க துணை

நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் நம் வீடுகளிலும் விடுதிகளிலும் கல்விச்சாலைகளிலும் பெருகியிருக்கின்றது. கண்ணுக்கு இனிமையும் மனத்துக்கு அமைதியும் தரும் இவ்வழக்கம், உயிர்நூல் பயில்வார்க்கு எளிய செலவில் அமைந்த ஓர் ஆய்வுக்கூடமுமாகும். ஆயினும் தொட்டி அமைப்போருள் மிகப் பலர், கடைக்குச் சென்றதும் நிறத்தையும் வடிவையும் கண்டு மயங்கி, மாலை தொடுப்பவர் மலர் தேர்வது போலச் சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று, வரியுடையது ஒன்று, கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது ஒன்று என்று தேர்ந்து, யாவற்றையும் ஒரே நீரில் விட்டுவிடுகின்றனர். சில நாள் சென்றபின் ஒன்று வாலிழந்து நிற்கும், ஒன்று பட்டினியால் மெலியும், ஒன்று காணாமற்போகும், எஞ்சியவை ஒரு காலையில் மேலே மிதக்கும். அப்பொழுது, “மீன் வளர்ப்பது நமக்கு ராசியில்லை” என்று கூறித் தொட்டியைக் கவிழ்த்து வைப்பதோடு காரியம் முடிந்துவிடுகின்றது. ராசியின்மேல் பழி போடுவது எளிது. உண்மைக் காரணமோ, தம்முள் ஒவ்வாதனவற்றை ஒரு சிறையில் அடைத்ததேயாகும்.

மனிதர் தமக்கு ஒவ்வாத கூட்டத்தை விட்டு விலகிச் செல்லலாம். ஆற்றுமீனும் அவ்வாறு விலகிச் செல்லும். தொட்டிமீனுக்கு மட்டும் அவ்வழி இல்லை. அதற்குத் துணையைத் தேர்ந்து கொடுப்பவர் நாமே. ஆதலின் அத்தேர்வின் பயனுக்குப் பொறுப்பும் நம்முடையதே. இக்கட்டுரையில் தங்கமீனோடு எவ்வெவற்றைச் சேர்க்கலாம், எவ்வெவற்றைச் சேர்த்தல் ஆகாது என்பதையும், அவற்றுக்குரிய காரணங்களையும் நாம் முறையாக ஆராய்வோம். இவ்வாராய்ச்சிக்கு வேலூரைச் சார்ந்த நமக்கு ஒரு நல்ல துணைநூல் அருகிலேயே இருக்கின்றது. அது ஜவ்வாது மலையடியிலுள்ள அமிர்தியின் ஓடை.

1. ஓடை கற்பிக்கும் பாடம்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்திக் காடு அமைந்திருக்கின்றது. அங்கே 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உயிரியல் பூங்காவையும், மழைக்குப்பின் விழும் அருவியையும் காணச் செல்லாத மாணவர் நம்மில் சிலரே. அருவியைக் கண்டு மகிழ்வோர் அதன் கீழுள்ள மடுக்களின் ஓரத்தில் சற்று நின்று நோக்குவாராயின், மீன்தொட்டி அமைப்போர் அறியவேண்டிய முதற்பாடத்தை அங்கேயே கற்கலாம்.

நம் நாட்டு மலையடி ஓடைகளில் மீன்கள் கண்டபடி கலந்து வாழ்வதில்லை. நீரின் மேற்பரப்பை ஒட்டிச் சிறு பூச்சிகளைப் பற்றும் மெல்லிய மீன்கள் ஒரு வகை. நடுநீரில் கூட்டமாய்த் திரியும் சிறுகெண்டைகள் ஒரு வகை. அடிமணலில் புதைந்தும் வெளிப்பட்டும் இரைதேடும் அயிரை ஒரு வகை. நீர் விரைந்து பாயும் இடத்தில், கீழுதட்டின்கண் அமைந்த வட்டத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டும் ‘காரா’ என்னும் சாதி மற்றொரு வகை. கெளுத்தி பகலில் கல்லிடுக்கில் மறைந்து இரவில் வெளிவரும். குறவையும் விராலும் செடிமறைவில் அசையாது கிடந்து, அயர்ந்த மீனை விழுங்கும். இவை யாவும் ஒரே ஓடையில் வாழ்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் வாழவில்லை. ஆழம், ஓட்டம், நிழல், காலம் ஆகிய நான்கு வேலிகள் அவற்றைப் பிரித்துக் காக்கின்றன. துரத்தப்பட்ட மீனுக்குத் தப்பியோட அடுத்த மடு இருக்கின்றது. கழிவுகளை மழைநீர் அடித்துச் செல்கின்றது.

தொட்டியிலோ இந்நான்கு வேலிகளும் இல்லை. மூன்றடி நீளமுள்ள ஒரே மடுதான் உண்டு. ஆதலின் “ஆற்றில் சேர்ந்து வாழ்பவை தொட்டியிலும் சேர்ந்து வாழும்” என்னும் கூற்றும், “கடைத்தொட்டியில் ஒன்றாக நீந்தின, ஆகவே வீட்டிலும் நீந்தும்” என்னும் கூற்றும் பொருந்தாதவை. கடையில் அவை தங்குவது சில நாட்களே. நம்மிடம் தங்கவேண்டுவது பல ஆண்டுகள்.

2. தங்கமீனின் பிறப்பும் இயல்பும்

துணையைத் தேடுமுன் தலைவனை அறிதல் வேண்டும். தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் பெருங்கெண்டைக்கு வாயோரத்தில் உள்ள மீசைகள் இதற்கில்லை. இதன் தாயகம் சீனம். அங்குள்ள மங்கிய நிறமுடைய ஒருவகை மீனில் அரிதாய்த் தோன்றிய சிவந்த குஞ்சுகளைப் பிரித்தெடுத்துக் குளங்களில் பேணும் வழக்கம், 960 முதல் 1279 வரை ஆண்ட ஸாங் வம்சத்தார் காலத்தில் பரவியது. பின்னர் வந்த மிங் வம்சத்தார் காலத்தில் இவை வீட்டினுள் பாத்திரங்களில் வளர்க்கப்பட்டன. குளத்தில் பிழைக்கமாட்டாத விசித்திர வடிவங்கள் பல அதனால் நிலைபெற்றன. ஐரோப்பாவை இவை 17ஆம் நூற்றாண்டில் அடைந்தன. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் இதற்குச் சாஸ்திர முறையில் பெயரிட்டார். இன்று நம் மாநிலத்தில் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வாணிபத்துக்கும் வளர்ப்புக்கும் பெயர்பெற்ற இடமாய் விளங்குகின்றது.

தங்கமீனுள் இரு பெரும்பிரிவுகள் உண்டு. முதற்பிரிவு ஒற்றைவால் உடையது: சாதாரணத் தங்கமீன், காமெட், ஷுபுன்கின் என்பன இதில் அடங்கும். இவை நீண்ட உடலும் விரைந்த நீச்சலும் உடையன. போதிய இடமிருப்பின் 20 முதல் 30 செ.மீ. வரை வளரும். இரண்டாம் பிரிவு இரட்டைவால் உடையது: ஃபான்டெயில், ரியுகின், ஒராண்டா, தொலைநோக்கிக் கண்ணுடைய கறுப்பு மூர் முதலியன. இவை குறுகி உருண்ட உடலும் தொங்கும் துடுப்பும் உடையனவாதலின் மெல்ல நீந்தும். கண்ணின்கீழ் நீர்ப்பை தொங்கும் வகையும், கண்கள் வானத்தை நோக்கியே இருக்கும் வகையும் இப்பிரிவிலேயே மிக மெலிந்தவை; முன்னே கிடக்கும் உணவையும் அவை நன்கு காணமாட்டா.

இவ்விரு பிரிவுக்கும் பொதுவான இயல்புகள் மூன்று. முதலாவது, தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. உண்டது நேரே குடலுக்குச் செல்லும். ஆதலின் அது அடிக்கடி இரைதேடும், கழிவும் மிகுதி. இரண்டாவது, அது யாவற்றையும் வாயிலிட்டுப் பார்க்கும். வாய்க்குள் அடங்குவது எதுவாயினும் அதற்கு உணவே. இதிற் பகையுணர்ச்சி இல்லை. பசி ஒன்றே உண்டு. மூன்றாவது, அது நெடுநாள் வாழும். நன்கு பேணப்பட்ட தங்கமீன் 10 முதல் 15 ஆண்டுவரை இருக்கும். 20 ஆண்டைக் கடந்தனவும் உண்டு. பள்ளிச் சிறுவன் வாங்கிய மீன் அவன் கல்லூரியை விட்டுச் செல்லும்போதும் உயிரோடிருத்தல் இயற்கையே. மூன்று மாதத்தில் இறந்தால் அதனை இயற்கை என்று கொள்ளலாகாது.

3. குளிர்நீர் என்பது வேலூரில் யாது?

நூல்கள் தங்கமீனைக் ‘குளிர்நீர் மீன்’ என்கின்றன. வெப்பமூட்டும் கருவி இல்லாத தொட்டியில் வாழ்வது என்பதே அச்சொல்லின் பொருள். அந்நூல்களுட் பல, அறைவெப்பம் 20 பாகை சென்டிகிரேடை ஒட்டியிருக்கும் தேசங்களில் எழுதப்பட்டவை. நம் வேலூரிலோ கோடையில் வெயில் 40 பாகையைக் கடக்கும். அறையிலுள்ள தொட்டிநீரும் 30 பாகையை எட்டிவிடும். தங்கமீன் அதனைச் சிறிதுகாலம் பொறுக்கும். ஆனால் நீர் சூடேறும்போது நிகழும் இரண்டு மாறுதல்களை நாம் மறத்தலாகாது.

ஒன்று, பிராணவாயு குறைதல். 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7½ மில்லிகிராமே நிற்கும். நீரில் வாயு குறையும் அந்நேரத்திலேயே மீனின் உடல் விரைந்து தொழிற்பட்டு அதிக வாயுவை வேண்டும். மற்றொன்று, நஞ்சு மிகுதல். மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கின்றன. அதில் உயிரைக் கொல்லும் பகுதி, உஷ்ணம் 20 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறும்போது ஏறத்தாழ இருமடங்காகின்றது. எனவே மார்கழியில் ஆறு மீன்களைத் தாங்கிய தொட்டி சித்திரையில் நான்கைத் தாங்குவதும் அரிது. துணைகளின் எண்ணிக்கையைக் கோடையை அளவுகோலாகக் கொண்டே வகுத்தல் வேண்டும்.

இதனின்றும் வேறொரு முடிவும் பெறப்படுகின்றது. மேனாட்டு நூல்களில் காணும் துணைமீன் பட்டியல்களை நாம் அப்படியே கைக்கொள்ளல் ஆகாது. அங்கே குளிர் பொறுக்குமா என்பது வினா. இங்கே வெப்பம் பொறுக்குமா என்பதே வினா.

4. தேர்வுக்குரிய ஐந்து விதிகள்

எந்த மீனையேனும் தங்கமீனோடு சேர்க்க நினைப்பவர் பின்வரும் ஐந்து வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்க.

முதலாவது, வாய். வரும் மீன் தங்கமீனின் வாய்க்குள் அடங்குமா? அன்றித் தங்கமீன் அதன் வாய்க்குள் அடங்குமா? இன்றைய அளவைக் கொண்டன்றி, வளர்ந்தபின் அமையும் அளவைக் கொண்டு விடை காண்க.

இரண்டாவது, உஷ்ணம். மார்கழி இரவின் குளிரையும் சித்திரைப் பகலின் வெப்பத்தையும் இரண்டும் ஒருங்கே தாங்குமா?

மூன்றாவது, வேகம். விரைந்த மீனும் மெல்லிய மீனும் ஒரே இலையில் உண்ண அமர்ந்தால், மெல்லியது பசியோடு எழும்.

நான்காவது, குணம். பிறமீனின் துடுப்பைக் கடிக்கும் வழக்கமும், மேனியிலுள்ள வழவழப்பை உறிஞ்சும் வழக்கமும் அதற்கு உண்டா? மீனின் மேலுள்ள அவ்வழவழப்பு நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசமாகும். அது போயின் புண்ணும் பூஞ்சையும் தொடரும்.

ஐந்தாவது, இடம். தொட்டியின் கொள்ளளவு இன்னொரு உயிரின் கழிவைத் தாங்குமா?

ஐந்துக்கும் ஏற்ற விடை கிடைத்தாலன்றிச் சேர்த்தல் தகாது. நான்கு பொருந்தி ஒன்று பொருந்தாவிடினும், அந்த ஒன்றே மரணத்துக்கு வாயிலாகிவிடும். அமிர்தியின் காரா மீனையே எடுத்துக்கொள்வோம். அது நம் நாட்டது, பாசியை உண்பது, அளவிலும் பெரிதன்று. ஆயினும் அதற்கு வேண்டுவது பாய்ந்தோடும் நீர். இரட்டைவால் தங்கமீனோ ஓட்டத்தில் அலைக்கழிக்கப்பட்டுச் சோரும். ஒன்றுக்கு உயிரான ஓட்டம் மற்றொன்றுக்குத் துன்பம். இருவரும் நல்லவரே, ஆயினும் இல்லறம் நடவாது.

5. சேர்க்கத்தக்கன

தங்கமீனுக்கு முதற்றுணை தங்கமீனே. இது மிக எளிய விடையாகத் தோன்றினும், அனுபவமுடையார் யாவரும் ஒப்பும் விடை. தங்கமீன் தன் இனத்தோடு கூடி வாழ்வது. தனியே விடப்பட்டது சோர்ந்து ஒதுங்குவதைக் காணலாம். ஆயினும் இனத்துக்குள்ளும் பிரிவு நோக்குதல் வேண்டும். ஒற்றைவாலோடு ஒற்றைவாலையும், இரட்டைவாலோடு இரட்டைவாலையும் சேர்க்க. காமெட்டையும் ஒராண்டாவையும் ஒருங்கு விட்டால், ஒராண்டா திரும்புமுன் காமெட் உணவை முடித்துவிடும். நீர்ப்பைக் கண்ணுடையதையும் வான்நோக்கிக் கண்ணுடையதையும் அவற்றை ஒத்த மெலிந்த வகைகளோடு மட்டுமே வைத்து, கூரிய கல்லும் சங்கும் இல்லாத தொட்டியில் வளர்க்க.

அடுத்துக் கருதத்தக்கது அயிரை. நம் சந்தைகளில் குழம்புக்காக உயிரோடு விற்கப்படும் இம்மீனை அழகுமீனாய் எண்ணுவோர் சிலரே. நூல்கள் தங்கமீனுக்குத் துணையாகக் கூறும் சீன, ஜப்பானிய ‘டோஜோ’ மீனுக்கு இது உறவுமுறை உடையது. டோஜோ சாந்தமானது, சேற்றிலும் வாழ்வது, காற்றை விழுங்கிக் குடல்வழியே சுவாசிக்கவும் வல்லது. ஆனால் அது குளிர்நாட்டுப் பிராணி. 25 பாகைக்கு மேல் நெடுநாள் வைத்தல் நன்றன்று. அயிரையோ வெப்பத்தில் பிறந்து வளர்ந்தது. 1846ஆம் ஆண்டில் வாலான்சியன் என்னும் பிரெஞ்சு அறிஞர், இலங்கையின் வெந்நீர் ஊற்றில் கிடைத்ததைக் கொண்டு அதனை விவரித்து, ‘வெந்நீருக்குரியது’ என்னும் பொருள்பட ‘தெர்மாலிஸ்’ என்று பெயரிட்டார். வேலூர்க் கோடை அதற்குப் புதிதன்று. அது மணலில் இறங்கிக் கிடந்து, மேலிருந்து வீழும் உணவுத் துணுக்கைப் பொறுக்கி உண்ணும்; எவரையும் கடிப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அயிரையின் கண்ணின்கீழ் நிமிர்த்தக்கூடிய ஒரு சிறு முள் உண்டு. பெரிய தங்கமீன் அயிரையை விழுங்க முயன்றால் அம்முள் தொண்டையில் தைத்து இரண்டும் மடியும். ஆகவே முழுவளர்ச்சியடைந்த அயிரையை நடுத்தர அளவுள்ள இரட்டைவால் மீன்களோடு மட்டும் சேர்க்க. தங்கமீனின் வாய் பெருத்தபின் அயிரையைத் தனித்தொட்டிக்கு மாற்றுக. அடியில் மென்மணல் பரப்புதலும், மேலே மூடி இடுதலும் இன்றியமையாதன. அயிரை துள்ளி வெளியே விழும்.

மூன்றாவது, ஸீப்ரா டானியோ. வரிக்குதிரை போன்ற நீலக் கோடுகளை உடைய இச்சிறுமீன் நம் பாரதநாட்டது. 1822ஆம் ஆண்டில் ஹாமில்டன் என்னும் வைத்தியர் கங்கை மீன்களைப்பற்றி வெளியிட்ட நூலில் இதனை முதன்முதல் விவரித்தார். இன்று உலகெங்கும் பிறப்பியல் ஆய்வுக்கூடங்களில் இது வளர்க்கப்படுகின்றது. குளிரையும் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கும். விரைவு மிகுந்தமையால் எளிதில் அகப்படாது. ஆனால் அவ்விரைவே குறையுமாகும். இளமையான ஒற்றைவால் மீன்களோடு ஆறேழு டானியோக்களைக் கூட்டமாய் வளர்க்கலாம். மெல்ல நீந்தும் ஒராண்டாவோடு வளர்த்தல் தகாது. தங்கமீன் 12 செ.மீ. அளவை எட்டிய பின் இரவில் டானியோ குறைவதைக் காண்போம். அதற்குமுன் பிரித்தல் நலம்.

நான்காவது, வெண்மேகமலை மீன். சீனத்துக் காண்டன் நகரை அடுத்த மலையோடையில் கண்டறியப்பட்டு 1932ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட இது, 4 செ.மீ. அளவே உள்ளது. உண்மைக் குளிர்நீர் மீன் இதுவேயாதலின் மேனாட்டுப் பட்டியல்களில் முதலிடம் பெறும். நமக்கோ வெப்பத்தாலும் வாயளவாலும் இது இருமுறை பொருந்தாது. ஏற்காடு, உதகை போன்ற குளிர்ந்த ஊர்களில் வாழ்வோர் இளந்தங்கமீனோடு முயன்று பார்க்கலாம்.

ஐந்தாவது, நத்தை. விலங்கியல் பாடத்தில் நாம் அறிந்த ‘பைலா’ நத்தை, செவுளாலும் நுரையீரலாலும் சுவாசிக்க வல்லதாதலின் தொட்டியில் எளிதில் பிழைக்கும். சிந்திய உணவை உண்டு உதவும். தங்கமீன் அதன் உணர்கொம்புகளைக் கொத்துவதுண்டு. மிகுதியாய்க் கொத்தக் கண்டால் எடுத்துவிடுக. செடிகளைத் தங்கமீனும் தின்னும், நத்தையும் தின்னும் என்பதை முன்னரே அறிந்து, வேலம்பாசி போல விரைந்து வளர்வதையே இடுக.

6. சேர்க்கத்தகாதன

வியாபாரிகள் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியே இவ்வகையில் முதலில் விலக்கத்தக்கது. விரலளவாய் வரும் இது, ஓரடிக்கு மேலும் வளரும். பாசி தீர்ந்ததும் உறங்கும் தங்கமீனின் விலாவில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். தொட்டியைத் துப்புரவு செய்யும் என்பதும் பொய். அதன் கழிவே தங்கமீனின் கழிவுக்கு நிகராகும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இது, பெரிதாகிவிட்டதென்று வளர்ப்போர் வெளியே விட்டதனால் இன்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றிலும் பரவி மீனவர் வலைகளைக் கெடுக்கின்றது.

ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி என்பவை வெந்நாட்டு மீன்கள். ஏஞ்சல் துடுப்பைக் கொத்தும். ஃபைட்டரின் நீண்ட துடுப்பைத் தங்கமீனே கொத்தும். கப்பி வாய்க்குள் அடங்கும். டைகர் பார்ப் துடுப்புக் கடிப்பதில் பேர்பெற்றது. ஜிலேபி மீன், குறவை, விரால், கெளுத்தி ஆகியவற்றைப்பற்றிச் சொல்லவும் வேண்டா. கோய் என்னும் வண்ணக்கெண்டை குணத்தால் நல்லதாயினும் இரண்டடியளவு வளர்வதாதலின் குளத்துக்கே உரியது.

7. ஒரு கணக்கு

விதியைக் கணக்கில் அமைத்துப் பார்ப்போம். 90 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 35 செ.மீ. உயரம் நீர் நிறைத்தால் 126 லிட்டராகும். மணலும் கல்லும் கொள்ளும் இடம் போக, ஏறத்தாழ 115 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரட்டைவால் மீனுக்கு, முதல் மீனுக்கு 75 லிட்டரும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டரும் வேண்டும் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் பொது அளவு. அதன்படி இத்தொட்டிக்கு இரண்டு மீன்களே உரியன. அவற்றோடு நான்கைந்து அயிரைகளைச் சேர்த்தால் அடித்தளமும் உயிர்பெறும். கழிவும் பெரிதும் மிகாது. “இவ்வளவு பெரிய தொட்டிக்கு இரண்டே மீனா?” என்று காண்போர் வியப்பர். வெறுமையாய்த் தோன்றும் அத்தொட்டிதான் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடிருக்கும் தொட்டி. ஒற்றைவால் மீன்களுக்கோ இத்தொட்டி குஞ்சுப்பருவத்துக்கே போதும். வளர்ந்தபின் 300 லிட்டருக்குக் குறையாத தொட்டியோ, முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியோ வேண்டும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் எவ்வகைத் தங்கமீனுக்கும் ஆகாது. அதில் நீரின் அளவும் சிறிது, காற்றுப்படும் பரப்பும் சிறிது.

8. சேர்க்கும் முறை

புதுத்தொட்டியில் நீர் நிறைத்த அன்றே மீனை விடுதல் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை சிறிது சிறிதாக அம்மோனியா கிடைக்கச் செய்து அவற்றை வளர்த்தல் வேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரினை நீக்கிய பின்னரே பயன்படுத்துக; வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக.

துணையாக வரும் மீனை இரண்டு மூன்று வாரம் தனிப்பாத்திரத்தில் வைத்து, வெண்புள்ளி நோயும் ஒட்டுப்புழுவும் இல்லை என்று கண்டபின் சேர்க்க. ஒரே நாளில் யாவற்றையும் சேர்க்காது, இடைவிட்டு ஒவ்வொரு வகையாய்ச் சேர்க்க. முதல் வாரத்தில் உணவு வேளையில் ஐந்து நிமிடம் அமர்ந்து நோக்குக: எது உண்கின்றது, எது ஒதுங்குகின்றது, எதன் துடுப்பு கிழிந்திருக்கின்றது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுக. பட்டியலைக் காட்டிலும் குறிப்பேடு சிறந்த ஆசிரியன்.

கோடையில் தொட்டியை வெயில்படாத மூலையில் வைத்து, மேல்மூடியை வலைத்துணியாக மாற்றி, நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்றுப் படச் செய்க. மண்பானை நீர் குளிரும் அதே நியாயத்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை தணியும். குறைந்த நீரை அவ்வப்போது ஈடுசெய்க. காற்றுக்குமிழ்க் கருவியை இரவும் பகலும் நிறுத்தலாகாது. பனிக்கட்டியை உள்ளே இடுவது உதவியன்று. திடீர் மாறுதல் வெப்பத்தினும் கொடிது.

9. ஓடை வேறு, தொட்டி வேறு

அமிர்தியைத் துணைநூல் என்றோம். கடை என்று சொல்லவில்லை. அங்குள்ள மீன்களைப் பிடித்துவந்து தொட்டியில் இடலாம் என்று எவரும் எண்ணுதல் வேண்டா. காப்புக்காட்டினுள் அனுமதியின்றி மீன்பிடித்தலை 1882ஆம் ஆண்டு முதல் உள்ள வனச்சட்டம் தடுக்கின்றது. சட்டம் இல்லையெனினும், கோடையில் மடுக்கள் சுருங்கும்போது எஞ்சி நிற்கும் சில மீன்களே அடுத்த மழைக்கு வித்து என்பதை நினைத்தல் வேண்டும். அயிரை வேண்டுவோர்க்குச் சந்தை இருக்கின்றது.

இதனினும் முக்கியமானது மறுபுறம். தொட்டி சலித்தவர்களும் ஊர்மாறிச் செல்பவர்களும், “பாவம், பிழைத்துப்போகட்டும்” என்று இரக்கத்தோடு தங்கமீனை ஓடையிலோ ஏரியிலோ விட்டுவிடுதல் உண்டு. மெலிந்த இரட்டைவால் மீன் சில நாளில் கொக்குக்கு இரையாகும். அதற்கு அது இரக்கமன்று. ஒற்றைவால் மீன் பிழைத்துவிட்டாலோ ஓடைக்கு அது இரக்கமன்று. மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள வாஸ் ஆற்றிலும், வட அமெரிக்க ஏரிகள் பலவற்றிலும் கைவிடப்பட்ட தங்கமீன்கள் பெருகிப் பருத்து, அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, செடிகளை வேரோடு பெயர்த்து, பிறமீன்களின் முட்டைகளைத் தின்று வருகின்றன. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1952ஆம் ஆண்டில் நன்னோக்கத்தோடு கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன், இன்று நாட்டுமீன்களை நெருக்கி ஏரிதோறும் நிறைந்திருக்கின்றது. ஒருமுறை விட்டதைத் திரும்பப் பிடித்தவர் இல்லை.

ஆகவே மீனை வளர்க்க இயலாதவர் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாரிடமோ ஒப்படைக்க. தொட்டிநீரையும் செடியையும்கூட ஓடையில் கொட்டாது தோட்டத்து மரத்துக்கு வார்க்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தங்கமீனுக்குத் துணை தேர்வது நிறத்தைப் பொறுத்ததன்று. வாய், உஷ்ணம், வேகம், குணம், இடம் என்னும் ஐந்தைப் பொறுத்தது என்பதும், தன்னினத்தில் தன்னை ஒத்ததே முதற்றுணை என்பதும், அயலார் பட்டியலை நம் ஊர் வெயிலில் வைத்துச் சோதித்த பின்னரே ஏற்கவேண்டும் என்பதும் விளங்கும். பேசும் வாயில்லாத ஒரு பிராணியின் வாழ்வு முழுமையும் நம் கைகளில் இருக்கின்றது. அது குறைகூறாது, முறையிடாது, ஓடிப்போகவும் மாட்டாது. சிருஷ்டியின்மேல் மனிதனுக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் பேணுதற்கேயன்றி அழித்தற்கன்று என்று நம் கல்லூரி ஜெபமண்டபத்தில் அடிக்கடி கேட்கின்றோம். அவ்வுரையைக் கைக்கொண்டு பழகுதற்கு ஒரு மீன்தொட்டியும் போதும். அடுத்த முறை கடைக்குச் செல்லும் மாணவர், “எது அழகு?” என்று வினவுமுன், “எது எதனோடு வாழும்?” என்று வினவுவாராக.